உளவியல், தொழில்நுட்பம், கல்வி மூன்றும் சேர்ந்த ஆராய்ச்சி வேலை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், அதற்குப் போனும் கணினியும் எங்கே உதவுகின்றன, எங்கே வெறும் வேடிக்கையாக நின்றுவிடுகின்றன என்று பார்ப்பது என் தொழில். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தொழில் வழிகாட்டல் கூட்டங்களுக்குப் போனால் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் வசதி. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் செய்வது டீச்சர் வேலையா, டொக்டர் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?

ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. அடுத்து 61இலிருந்து 34ஐக் கழிக்கச் சொன்னால் 33 என்கிறது. இரண்டும் பிழை. ஆனால் கண்டபடி வந்த பிழைகள் இல்லை. 2இலிருந்து 7ஐ எடுக்க முடியாது, அப்போ 7இலிருந்து 2ஐ எடுப்போம் என்று அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஒரு தடவைகூட மீறாமல் கடைப்பிடிக்கிறது.

அந்தச் சட்டம் என்ன, அது ஏன் அந்தப் பிள்ளைக்கு நியாயமாகப் படுகிறது என்று கண்டுபிடிப்பது உளவியல். விடைகளைப் பார்த்து 'இந்தப் பிள்ளையிடம் இருப்பது இன்ன சட்டம்' என்று தானாகக் கணித்துச் சொல்லும் மென்பொருளைச் செய்வது தொழில்நுட்பம். 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் பிழைகளுக்கு இப்படி ஒன்றைச் செய்துகாட்டினார்கள். சரி, சட்டம் தெரிந்துவிட்டது. நாளைக் காலை அந்த டீச்சர் என்ன செய்ய வேண்டும்? பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்க்கச் சொல்வதா, வேறு வழியா? வகுப்பில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? இது கல்வி.

இலவசமாகக் கிடைக்கும் பல கணிதச் செயலிகள் 35க்குச் சிவப்புப் புள்ளடி போட்டு 'மீண்டும் முயற்சி செய்' என்கின்றன. பிள்ளையும் அதே சட்டத்தோடு மீண்டும் முயற்சி செய்கிறது. அந்த இடத்தில்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது.

இது புதிதாக முளைத்த துறையா? நாளைக்கு இல்லாமல் போய்விடுமா?

நூறு வருடப் பழையது. 1920களில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர், மாணவர் சரியான பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த கேள்விக்குப் போகும் ஒரு பொறியைச் செய்தார். 1953இல் பி.எப். ஸ்கின்னர் என்ற இன்னொரு உளவியலாளர் தன் மகளின் கணித வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். விடை சரியா பிழையா என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவதைக் கண்டு, கற்பிக்கும் பொறி செய்யத் தொடங்கினார். 1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினிக் கற்பித்தல் அமைப்பு வந்தது.

எனக்குப் பிடித்தவர் செய்மூர் பப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதக்காரர். ஜெனீவாவில் பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயோடு சில வருடங்கள் வேலை செய்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். அவரும் கூட்டாளிகளும் 1967இல் பிள்ளைகளுக்கான 'லோகோ' கணினி மொழியை உருவாக்கினார்கள். கணினி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை விட, பிள்ளை கணினிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்பது அவர் கட்சி. ஸ்கின்னருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. நீங்கள் துறைக்குள் வந்தால் ஏதோ ஒரு பக்கம் சாயத்தான் வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகங்களில் இது கல்வி உளவியல், கற்றல் அறிவியல், கல்வித் தொழில்நுட்பம், மனித-கணினி ஊடாட்டம் என்று பல பெயர்களில் கிடக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

இலங்கையில் உயர்தரத்துக்கு உளவியல் என்று ஒரு பாடம் இல்லை. அதனால் எந்தப் பிரிவிலிருந்தும் வரலாம். கலைப்பிரிவு என்றால் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுங்கள், முடிந்தால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் சேர்த்து. அளவையியலை 'இலகுவாக ஏ எடுக்கலாம்' என்று எடுப்பவர்கள் உண்டு. எடுங்கள், பரவாயில்லை. கருதுகோள் என்றால் என்ன, ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதை அந்தப் பாடம்தான் முதலில் சொல்லித்தருகிறது.

கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் நம் பக்கம் குறைவு. அந்தப் பிரிவு கிடைக்கவில்லையே என்று இந்த வழியை விட வேண்டியதில்லை. கணிதப் பிரிவில் படித்தவர்கள் கணினிப் பக்கமாக வந்து பிறகு உளவியலைப் பிடிக்கலாம். கலைப்பிரிவினர் உளவியல் பக்கமாக வந்து பிறகு கணினியைப் பிடிக்கலாம். இரண்டாவது வழியில் வந்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

எங்கே படிப்பது?

பக்கத்தில் இருப்பது பேராதனை. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் உண்டு. கலைப்பீடங்களில் சேர்ந்தவுடன் 'நான் உளவியல் மாணவன்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள், போட்டி கடுமை. முதல் வருடத்தைக் கம்பஸ் பார்க்கும் வருடமாகக் கழித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் அழுபவர்கள் எல்லா அணியிலும் உண்டு.

திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியிலும் பதுளையிலும் நிலையங்கள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு அது பெரிய வரம். கணினிப் பக்கமாக வர விரும்புபவர்களுக்குப் பேராதனை இருக்கிறது, 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஊரெல்லாம் இப்போது உளவியல் டிப்ளோமா போஸ்டர்கள். சனி ஞாயிறு சில மாதம் போனால் 'உளவியலாளர்' என்று சான்றிதழ். அதைப் படிப்பதால் அறிவு வளரலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் போக அது கதவு திறக்காது. பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இது எத்தனையாம் மட்டம்? அந்தச் சட்டகத்தில் மொத்தம் 12 மட்டங்கள். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். பதில் சொல்லத் தடுமாறினால் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. முடியுமா?

உளவியல் சிறப்புப் பட்டம் பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான். மறைத்துப் பேசிப் பயனில்லை, இது மலைதான். ஆனால் ஏறுகிற மலை. பேச்சு ஆங்கிலத்தைப் பற்றிப் பயந்துகொண்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அலைகிறீர்கள். உங்களுக்கு முதலில் தேவை வாசிப்பு ஆங்கிலம். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பந்தியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் உங்கள் தம்பிக்கு விளங்கும்படி எழுதிப் பாருங்கள். இதைத் தினம் செய்தால் ஒரு தவணைக்குள் வித்தியாசம் தெரியும். கட்டுரைகளில் வருகிற சொற்கள் திரும்பத் திரும்ப ஒரே சொற்கள்தான்.

அப்புறம், தமிழ் நன்றாகத் தெரிவது உங்கள் கைமுதல். பிள்ளைகள் தமிழில்தான் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். அதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆராய்ச்சியாளர் வந்து பார்த்து என்ன செய்வார்?

கணக்கு என்றாலே ஓட்டம். உளவியலில் கணக்கு இல்லைதானே?

இருக்கிறது. புள்ளிவிபரவியல் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு அடி நகர முடியாது. ஆனால் சாதாரண தரக் கணிதத்தைப் புரிந்து படித்திருந்தால் போதும், மேலே ஏறலாம். பெருக்கல் வேகம் யாருக்கும் தேவையில்லை. 'டியூஷன் போன பிள்ளைகள் கூடப் புள்ளி எடுத்தார்கள், ஆகவே டியூஷன் நல்லது' என்று ஒருவர் சொன்னால், 'பொறுங்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே டியூஷன் போகிறார்கள்' என்று உங்களுக்கு உடனே தோன்றுகிறதா? தோன்றினால் உங்களுக்குப் புள்ளிவிபரவியல் வரும்.

கோடிங் எவ்வளவு தெரிய வேண்டும்?

உங்கள் வேலையை நீங்களே செய்துகொள்ளும் அளவுக்கு. தரவை அலச 'ஆர்' என்ற மொழி, பரிசோதனைகளை அமைக்க 'சைக்கோபை', களத்தில் விபரம் சேகரிக்க 'கோபோ டூல்பொக்ஸ்'. இவற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. கடைசியில் சொன்னது நம் பகுதிக்கென்றே செய்தது போல இருக்கும்: சிக்னல் இல்லாத தோட்ட டிவிஷனில் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, டவுனுக்கு வந்ததும் அனுப்பிவிடலாம்.

லெப்டொப் இல்லை என்று முதல் வருடத்திலேயே மனம் உடைய வேண்டாம். பல்கலைக்கழகக் கணினி அறை இருக்கிறது. மஹாபொல புலமைப்பரிசில் பணத்தில் பழைய லெப்டொப் வாங்கியவர்களும் உண்டு.

நான் ஏற்கெனவே ஆசிரியராக இருக்கிறேன். இனி ஆராய்ச்சிக்கு வர முடியுமா?

என்னைக் கேட்டால் இந்தத் துறைக்கு வருவதற்கு மிக நல்ல வழி இதுதான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, பொகவந்தலாவையிலோ பசறையிலோ சில வருடம் ஆரம்ப வகுப்பு எடுத்த ஒருவருக்குத் தெரிந்தது, பட்டம் முடித்தவுடன் முதுமாணிக்கு வந்தவருக்குத் தெரியாது. எந்தப் பாடத்தில் வகுப்பு முழுக்க அமைதியாகிறது, எந்த எழுத்தில் பிள்ளையின் விரல் நிற்கிறது, மழை நாளில் யார் வரமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல ஆய்வுக் கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன.

படிப்பு வழி என்று பார்த்தால், பட்டதாரி ஆசிரியர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தமிழிலும் உண்டு. மஹரகமையில் தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆய்வோடு கூடிய முதுமாணியைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வு இல்லாத முதுமாணி பதவி உயர்வுக்கு உதவும், ஆராய்ச்சிக்கு அவ்வளவாக உதவாது.

படிப்பு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடிவைத்து எழுதியவர்கள் முன்னால். இதை உங்கள் நான்காம் வகுப்புச் சுற்றாடல் பாடத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு அலகை ஒரு முறையிலும் அடுத்த அலகை மற்ற முறையிலும் படிப்பித்து, வாரம் கழித்து ஒரு சின்னச் சோதனை வையுங்கள். புள்ளிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. முதுமாணி நேர்முகத்தில் 'உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன' என்று கேட்டால் அந்தக் கொப்பியைத் திறந்து பேசுங்கள். மற்றவர்கள் மனப்பாடம் செய்த பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மலையகத்தில் ஆராய என்ன இருக்கிறது? கொழும்பில்தானே எல்லாம்?

பல்கலைக்கழகங்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கலாம். கேள்விகள் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன.

நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில்தான். அந்த இடைவெளி இன்றைக்கும் வீட்டுக்குள் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வர மாலை ஆகும். அதுவரை பிள்ளையோடு இருப்பது பாட்டி. பாட்டிக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததே கொஞ்சம். இப்போது ஒரு கற்றல் செயலி 'பெற்றோர் பக்கம்' என்று ஒன்றை வைத்து, பிள்ளையின் முன்னேற்றத்தை வரைபடமாகக் காட்டுகிறது. யார் அதைப் பார்ப்பது? வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளையோடு சும்மா இருப்பார் என்று நினைத்துச் செய்தது அது. பாட்டிக்குக் குரலில் சொன்னால் என்ன ஆகும், ஐந்தாம் வகுப்பு அண்ணனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். அது ஒரு முழுக் கலாநிதி ஆய்வு.

2020இல் பாடசாலைகளை மூடியபோது நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது, தொலைக்காட்சிப் பாடங்கள் வந்தன, ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் குறிப்புகள் அனுப்பினார்கள். லயத்தில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவின் கையில், அப்பா கொழும்பில். பதுளை மாவட்டத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றின் மேல் ஏறிய செய்தி வெளிநாட்டு ஊடகங்களிலும் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை எதை இழந்தது, எதை எப்படி மீட்டது என்று வகுப்பு வகுப்பாக இறங்கிப் பார்க்கும் வேலைக்கு இன்னும் ஆள் தேவை.

அளவுகோல்களே ஒரு பிரச்சினை. வேறு நாட்டில் செய்த கேள்வித்தாளில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு லயத்தில் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கும் 'சரிங்க', இரண்டாவதற்கும் 'சரிங்க', 'உங்கள் பிள்ளையின் படிப்பில் உங்களுக்கு அக்கறை இல்லை' என்பதற்கும் 'சரிங்க'. வந்திருப்பவர் கையில் பைலோடு வந்திருக்கிறார், ஆபீஸ் ஆளாக இருக்கலாம், எதற்கு வம்பு? அந்தத் தாளை அப்படியே கணினியில் ஏற்றினால் அருமையான அட்டவணை வரும், உண்மை ஒரு துளியும் இருக்காது. வாசலில் உட்கார்ந்து, 'நேத்துப் பின்னேரம் பிள்ளை என்ன செஞ்சிச்சு?' என்று நாளைக் கதையாகச் சொல்ல விட்டால் வேறு தகவல் வருகிறது. அதை எப்படி ஒழுங்காகப் பதிந்து எண்ணுவது என்பது ஒரு முறையியல் கேள்வி. இதற்கு உள்ளூர்ப் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர்தான் விடை காண முடியும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு டெப் கொடுத்தால் பிரச்சினை தீராதா?

தென்னமெரிக்காவில் பெரு நாடு கிராமப்புறப் பாடசாலைகளுக்கு மடிக்கணினிகளைக் கொடுத்துப் பார்த்தது. ஆய்வு செய்தபோது கணிதத்திலும் மொழியிலும் புள்ளி உயரவில்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்துப் பாடசாலை முடிந்த பின் நிலையங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களை விடக் கணிதத்திலும் ஹிந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள். இந்த ஆய்வு 2019இல் வெளியானது.

இரண்டிலும் கணினி இருந்தது. டெல்லியில் மென்பொருள், பிள்ளை பெயருக்கு எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் உண்மையில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்டு அங்கிருந்து தொடங்கியது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து நான்காம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைகள் அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அதோடு அங்கே பக்கத்தில் உதவ ஒரு ஆளும் இருந்தார். பெட்டியைப் பகிர்ந்தளிக்கும் படம் பத்திரிகைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே. இனி டீச்சரும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம் என்கிறார்களே?

துருக்கியில் உயர்நிலை மாணவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது. கணிதப் பயிற்சியின்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த விட்டார்கள். பயிற்சியில் அவர்கள் புள்ளி 48 வீதம் கூடியது. பிறகு அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். அது கிடைக்காமலே படித்த மாணவர்களை விட 17 வீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றியமைத்த இன்னொரு வடிவத்தில் அந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்தது. கருவி ஒன்றுதான், வடிவமைப்பு வேறு. அந்த வடிவமைப்பை யார் செய்வது? கற்றலைப் படித்தவர்கள். ஆகவே வேலை கூடும் என்பதே என் எண்ணம்.

தமிழில் இன்னும் கூடுதல் வேலை. நம் சின்னப் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டு 'இங்கே தடுமாறுகிறது' என்று சொல்லும் கருவி வேண்டுமென்றால், முதலில் இந்தப் பிள்ளைகளின் குரலைப் பதிந்து, பெரியவர்களின் செய்தி வாசிப்புத் தமிழிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று குறித்து வைக்க வேண்டும். அலுப்பான வேலை. யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

பிள்ளை எந்நேரமும் போனில். மூளை கெட்டுவிடுமா?

தாய்மார் அதிகம் கேட்பது இது. ஏமி ஓர்பென், அன்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் 2019இல் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளில் மூன்றரை இலட்சம் இளவயதினரை அலசினார்கள். மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 வீதத்தைத்தான் திரைப் பாவனையோடு தொடர்புபடுத்த முடிந்தது. ஆகவே 'மூளை கெட்டுவிடும்' என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் அது வேறு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி. உங்கள் பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போன் வைத்திருந்து காலையில் வகுப்பில் தூங்கினால், அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. போனை வாங்கி அலமாரியில் வையுங்கள்.

பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்க யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?

அதிபர் தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது. பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவில் ஆய்வுத் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் அனுமதி வேண்டும். பிறகு பெற்றோரின் சம்மதம், கடைசியாகப் பிள்ளையின் சம்மதம். பெற்றோருக்கு வாசிக்கக் கஷ்டம் என்றால் கடிதத்தை வாசித்து விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் நம் சனத்துக்குப் பல காலமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது அநியாயம். பெயர், படம், குரல் எல்லாம் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்து வையுங்கள். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போட்டு 'இன்று களப்பணி' என்று எழுதுபவர்களை என் ஆய்வில் சேர்ப்பதில்லை.

அப்பா கேட்கிறார்: ஆராய்ச்சி செய்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி?

நம் பகுதியில் ஆராய்ச்சி என்றால் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 1925இலிருந்து இயங்குகிறது. அந்த நிலையத்தின் 'டி.ஆர்.ஐ. 2025' என்ற தேயிலை வகை போன்ற ஒரு கன்று தோட்டத்துக்கு வருவதற்கு முன் பல வருடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அப்பாவுக்கே தெரியும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடமுறைக்கும் அப்படிச் சோதிக்க ஆள் வேண்டாமா என்று அவரிடம் கேளுங்கள். பாதி வழக்கு முடிந்துவிடும்.

மற்றப் பாதி சம்பளம். விரிவுரையாளர் வேலைக்கு நல்ல வகுப்போடு சிறப்புப் பட்டம் வேண்டும், இடங்கள் சொற்பம். அரச சார்பற்ற நிறுவனங்களிலும் சர்வதேச அமைப்புகளிலும் கல்வித் திட்டங்களை மதிப்பிடும் வேலை வரும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மென்பொருள் நிறுவனங்களில் பாவனையாளர் ஆய்வு என்று ஒரு வேலை இருக்கிறது, பணம் நல்லது, கல்விக்கும் அதற்கும் சில நேரம் சம்பந்தமே இருக்காது. பட்டம் முடிந்த முதல் ஐந்தாறு வருடம் நிலையான வருமானம் இருக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பித் தம்பி தங்கச்சி இருந்தால் முதலில் ஆசிரிய நியமனத்தை எடுங்கள். அங்கிருந்து வருவது எப்படி என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்கக் காணியை விற்க வேண்டுமா?

வேண்டாம். விற்கக் காணி உள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு கதை. அமெரிக்காவில் பெரும்பாலான கலாநிதி இடங்களில் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையோடு உதவித்தொகையும் வரும். முதுமாணிக்கு புல்பிரைட், செவ்னிங், பொதுநலவாய, எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. முகவருக்குக் காசு கட்டி விண்ணப்பிக்க வேண்டிய தேவை எதற்கும் இல்லை. விண்ணப்பத்தில் 'சிறு வயது முதல் கல்வியில் ஆர்வம்' என்று எழுதாதீர்கள். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், என்ன கண்டீர்கள், அதை எப்படிச் சோதிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

என் பிள்ளைக்கு வாசிக்க வருதில்லை. நீங்கள் பார்த்து மருந்து தருவீர்களா?

நான் சிகிச்சை செய்பவள் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்பது வேறு படிப்பு, வேறு பதிவு. வகுப்பாசிரியரிடம் முதலில் பேசுங்கள், கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் 'மக்கு' பட்டம் வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். பிறகு ஆதார வைத்தியசாலையில் கேட்டு உரிய கிளினிக்குக்குப் போங்கள். மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, இரண்டு இலக்கங்களையும் போனில் பதிந்து வையுங்கள்.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். உங்கள் ஆய்வில் சேர்ந்து வேலை செய்யலாமா?

களப்பணிக்கு ஆள் தேவைப்படும்போது பாடசாலை அறிவிப்புப் பலகைகளில் போடுவோம். உங்கள் உயர்தர இசட் புள்ளி கேட்க மாட்டேன். ஒரு பிள்ளை விடை தெரியாமல் முழிக்கும்போது வாயைத் திறந்து உதவாமல் முப்பது விநாடி பொறுத்திருக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அக்கா அண்ணன்மாருக்கு அது லேசில் வராது, பழக்கித் தருவோம். நாட்கூலியும் பஸ் காசும் உண்டு. மழைக்காலத்தில் வருபவர்கள் குடையோடு கொஞ்சம் சவர்க்காரமும் எடுத்து வாருங்கள், மேல் டிவிஷன் பாதையில் அட்டை அதிகம்.